நிமிடக் காசிலிருந்து மாதக் கட்டாயத்துக்கு

மயிலாடும்பாறை, தேனி மாவட்டத்தில் மூல வைகை இறங்கிவரும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. செல்போன் நிறுவனத்துக்குக் கட்டும் பணம் தகுமா என்பதை இங்கே எப்போதும் இரண்டு வகையில் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது: பேச்சுக்கு என்ன விலை, டவர் கிடைக்கிறதா.

நாட்டில் கைபேசிச் சேவை 1995 ஜூலை 31-ல் தொடங்கியது. பேசுகிறவர் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டினார். அழைப்பை எடுத்தவருக்கும் கட்டணம் உண்டு. உரிமங்கள் வட்டம் வட்டமாகப் பிரித்துத் தரப்பட்டன. சென்னை தனி வட்டம். தேனி உள்ளிட்ட மற்ற மாவட்டங்கள் தமிழ்நாடு வட்டம். இதில் 1999-ல் தொடங்கிய ஏர்செல் பின்னாளில் சிற்றூர்களிலும் பரவியது. அதுவரை தேங்காய், இலவம்பஞ்சு விலை விசாரிக்க எஸ்.டி.டி. பூத்தான்.

2003 மே 1 முதல் இன்கமிங் இலவசமானது. அதன்பிறகு கணக்கே வேறு. கையில் காசில்லாவிட்டாலும் திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டால் தாய் பேசலாம். அவசரமென்றால் ஒரு மிஸ்டு கால் விட்டால் போதும். நிறுவனத்துக்கு இதில் வரவு குறைவு. ஆனாலும் ஏழை வாடிக்கையாளருக்குக் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்த காலம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இதுதான். 2006-ல் பி.எஸ்.என்.எல். நாடு முழுவதற்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றது. 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசாவுக்கு இறங்கியது.

விலை இறங்கிய அந்த ஆண்டுகளில் கணக்கு மட்டும் கலங்கலாகவே இருந்தது. பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் வரியும் கட்டணமும் போக ஏழரை ரூபாயை ஒட்டித்தான் பேச்சு நேரம். கட்டணத்தைக் குறைக்க ரேட் கட்டர் என்ற ரீசார்ஜைத் தனியாகப் போட வேண்டும். கேட்காத காலர் டியூனுக்கும் காசு போனது. வாடிக்கையாளர் இருமுறை சம்மதம் சொல்லாமல் இத்தகைய சேவைகளைத் தொடங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட 2013 வரை ஆயிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மறு ஆண்டு மார்ச் வரை எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்தது. ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு 250 ரூபாய் கேட்டுக்கொண்டிருந்த சந்தை அதோடு சரிந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழகம் முழுக்க விழுந்து, அம்மாதமே நிறுவனம் திவாலுக்கு மனுச் செய்தது. வாடிக்கையாளர்கள் எண்ணைக் காப்பாற்ற வேறு நிறுவனங்களுக்கு மாற அலைமோதினார்கள்.

போட்டியாளர்கள் குறைந்த பின்புதான் பெரிய மாற்றம் நடந்தது. நிமிட விலையை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் இன்கமிங் வருவதற்கே 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட வேண்டும் என்றன. 28 நாள் கணக்கில் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் சொன்னது. ஏர்டெல்லின் அந்த 35 ரூபாய் 2021-ல் 99 ஆகி, 2024 ஜூலையில் 199 ஆனது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். அளவில்லாமல் பேசலாம், டேட்டாவும் உண்டு என்பது உண்மை. நெட் பார்க்காத, பட்டன் போன் வைத்திருக்கும் முதியவருக்கு அதனால் லாபமில்லை. வங்கி ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வருவதால் விடவும் முடியாது.

இந்தக் குறையைத்தான் 2024 டிசம்பரில் டிராய் ஏற்று, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே அவை வந்தன: 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி. மாதக் கணக்கில் பார்த்தால் சுமை குறைந்தது கொஞ்சம்தான்.

டவர் விஷயத்தை இந்த உத்தரவுகள் எதுவும் தொடவில்லை. மலை மறித்த இடத்தில் சிக்னல் நுழையாது. ஆள் குறைந்த மலைக் கிராமத்தில் டவர் நட்டால் போட்ட முதல் திரும்பாது என்பது நிறுவனங்களின் கணக்கு. அதனால்தான் 2022 ஜூலையில் மத்திய அரசு, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்குப் பொதுப் பணத்தில் சேவை கொடுக்கும் வேலையை பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைத்தது. சிக்னல் அரைகுறையாக வரும் ஊரிலும் ரீசார்ஜ் விலை நகரத்து விலைதான்.