அடிக்குறிப்பு பார்க்கும் பிள்ளைகள்

பொங்கல் லீவுக்குத் தஞ்சாவூர் வந்த என் பேத்தி மூன்று நாளாக மடிக்கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டம் படிக்கிறாள்.

“என்னம்மா பண்றே?”

“அடிக்குறிப்பு சரி பார்க்கிறேன் தாத்தா. எங்க ஜர்னலுக்கு.”

வணிகச் சட்டத்துக்கென்றே மாணவர்கள் நடத்தும் இதழாம். வருகிற கட்டுரையில் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுப் படிப்பார்களாம். மேற்கோள் காட்டிய தீர்ப்பு உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பார்களாம். பேராசிரியர் எழுதினாலும் இதே கதிதான். ஜி.ஓ. எண்ணும் தேதியும் சரி பார்த்தே காலம் தள்ளிய குமாஸ்தா நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே சட்டம் என்றால் நெப்போலியன் காலத்துத் தொகுப்பு நூல்கள்தான்: சிவில் சட்டம் 1804, வணிகச் சட்டம் 1807. வேலைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வக்கீல் வீடுகளில் சுவர் முழுக்கத் தீர்ப்புத் தொகுதிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். ஆங்கிலேயர் வழியில் நேற்றைய தீர்ப்புதான் நாளைய வழக்குக்கு ஆதாரம். அதைப் பிழையில்லாமல் அச்சிடவும், அது சரியா தப்பா என்று துணிந்து சொல்லவும் ஆள் வேண்டும். சட்டப் பத்திரிகைகள் பிறந்தது அதற்காகத்தான்.

மாணவர்களே நடத்தும் வழக்கத்துக்குப் பேர்போனது அமெரிக்காவின் ஹார்வர்ட் லா ரிவ்யூ, 1887ல் தொடங்கியது. நான்கு வருஷம் கழித்து, 1891ல், சென்னையில் மெட்ராஸ் லா ஜர்னல் வந்தது. இதை நடத்தியவர்கள் மாணவர்கள் அல்ல, வக்கீல்கள். மயிலாப்பூரில் சனிக்கிழமைகளில் கூடித் தீர்ப்புகளை அலசியவர்களின் பேச்சிலிருந்து உண்டான பத்திரிகை. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம்ம திருவிடைமருதூர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863ல் பிறந்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தப் படிப்பு 1906ல் ஊருக்குப் பயன்பட்டது. அந்த அக்டோபரில் சென்னை அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனி, மலை மாதிரி நிற்கும் என்று நம்பிப் பணம் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கிருஷ்ணசாமி ஐயர் பணம் இழந்தவர்கள் பக்கம் நின்று வாதாடினார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஐயர் அதோடு நிற்கவில்லை. நம் ஜனங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று ஆள் சேர்த்தார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி வியாபாரத்தைத் தொடங்கியது.

இந்தியாவில் மாணவர் இதழ்கள் பெருகியது, 1988ல் பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் வகுப்புகள் தொடங்கிய பிறகு. வணிகச் சட்டத்துக்கென்றே அங்கே மாணவர்கள் ஒரு தனி இதழ் நடத்துகிறார்கள். மற்ற சட்டக் கல்லூரிகளிலும் இப்போது இது பரவியிருக்கிறது.

பேத்தி சரி பார்த்த கட்டுரை 2016ல் வந்த திவால் சட்டத்தைப் பற்றியது. கம்பெனி நொடித்தால் அதன் சொத்தை விற்ற பணம் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை. அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர் முன்னால்; சும்மா நம்பிக் கொடுத்தவர் பின்னால்.

எனக்குச் சுருக்கென்றது. தொண்ணூறுகளில் இந்த ஜில்லாவில் ஒரு நிதி நிறுவனத்தில் பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்ததைப் போட்டேன். பேர் வேண்டாம். ஒரு நாள் காலையில் பூட்டுத் தொங்கியது. என்னைப் போன்றவர்களுக்காகவே 1997ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2011ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. எனக்குத் திரும்பி வந்தது பாதிக்கும் குறைவு.

“ரசீது இருக்கா தாத்தா?” என்றாள். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். ஈடு எதுவும் இல்லாத டெபாசிட் என்று ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருந்தது.

“இதை அப்போ படிச்சீங்களா?”

ஊரார் காகிதத்தையெல்லாம் வரி வரியாகப் படித்தவன், என் காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. “இல்லம்மா” என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ரசீதைப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி அடிக்குறிப்புக்குப் போய்விட்டாள்.