திண்ணையும் கல்லாவும்

குடும்பத் தொழிலையும் குழந்தைகளின் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவது எவ்வாறு என்பது, பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களை வருத்தும் வினாக்களுள் ஒன்று. கடையில் அமர்ந்தால் பாடம் நின்றுவிடுகிறது. பாடத்தில் அமர்ந்தால் வாடிக்கை குறைகிறது. இஃது இன்று புதிதாக வந்த இடர் அன்று. நம் முன்னோர் இதனை எதிர்கொண்டனர், ஓரளவு வென்றனர், ஓரளவு தோற்றனர். அவ்விரண்டையும் நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

கோவையிலிருந்து வாளையாறு வழியாகவும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கோவிந்தாபுரம் வழியாகவும் பாலக்காட்டுச் சமவெளியைத் தமிழர் அடைந்தனர். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மலைவழிகள் அவர்களை இடுக்கியின் ஏலமலைகளுக்குக் கொண்டுசேர்த்தன. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்தது. அதனை அடுத்த சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. ஏலமலைகளோ திருவிதாங்கூருக்கு உரியவை. மூன்றும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலத்தில் ஒன்றாயின. ஆட்சி எதுவாயினும், எல்லையில் வணிகம் செய்த தமிழ்க் குடும்பத்திற்கு இரண்டு தேவைகள் மாறாதிருந்தன: தன் கணக்கைத் தமிழில் எழுதவேண்டும், அயலாரோடு மலையாளத்தில் பேசவேண்டும்.

அக்காலக் கல்வியும் இத்தேவைகளுக்கு ஏற்பவே அமைந்திருந்தது. தமிழகத்தில் திண்ணைப் பள்ளி; கேரளத்தில் ஆசான் நடத்திய குடிப்பள்ளிக்கூடம். இரண்டிலும் மாணவன் முதலில் மணலில் விரலால் எழுதினான். பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்தான். நெடுங்கணக்கு முடிந்ததும் எண்சுவடி. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. இவ்வாய்பாடுகளை மனத்தில் பதித்த சிறுவன், நெல்லை அளப்பவனுக்கும் பொன்னை நிறுப்பவனுக்கும் விடை சொல்லத் தகுதி பெற்றான். கல்லாவில் அமர்தற்குரிய பயிற்சி திண்ணையிலேயே தொடங்கிற்று எனலாம்.

பள்ளியோடு வீடும் கல்விக்கூடமாக விளங்கியது. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். அவர்தம் 1826-ஆம் ஆண்டுக் குறிப்பு, 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றதாகக் கூறுகிறது. சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே பயின்றோர் 26,963 பேர் என்று அறிக்கை வந்தது. அவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். ஆயினும், உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ சிறுவர் வீட்டில் பயிலும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என அவர் எழுதிவைத்தார்.

இம்முறையின் சிறப்பு எங்கே இருந்தது? விடியற்காலையில் பள்ளி தொடங்கிவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லுவான். இவ்வழக்கத்தையும் மணலெழுத்தையும் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் தம் ஆதரவற்றோர் பள்ளியில் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அம்முறை பரவியது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பித்தல், நேரமற்ற பெற்றோர்க்கு எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் பழமையைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. மன்றோ காட்டிய 1,88,650 மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே! உழைக்கும் மக்களுள் மிகப் பலர்க்குத் திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. பொருள் உணராது மனனம் செய்தலும் பிரம்படியும் மிகுந்திருந்தன. தந்தையின் தொழிலுக்கு வேண்டிய அளவே மகனின் கல்வி என்ற நிலையில், தொழில் நலிந்தபோது கல்வியும் பயனற்றுப் போயிற்று.

மறு எல்லைக்கும் ஒரு சான்று உண்டு. இந்திய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மில், அதே மேசையில் தம் மகன் ஜான் ஸ்டூவர்ட்டை அமர்த்திக் கற்பித்தார். மூன்று வயதில் கிரேக்கம். பின்னர்த் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு. மகன் பேரறிஞரானார், ஆனால் மன்றோ தம் குறிப்பை எழுதிய அதே 1826-இல், இருபது வயதில், மனம் சோர்ந்து வாடினார். அறிவை வளர்த்த கல்வி உணர்வை வளர்க்கவில்லை என்று பின்னாளில் அவரே வருந்தி எழுதினார்.

இன்று காலம் மாறிவிட்டது. 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் உரிமையாக்கியது. அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோ பிள்ளை உதவலாம் என 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இசைகிறது. அவ்விசைவு பிள்ளையின் உழைப்பைப் பெறும் உரிமையாகிவிடக் கூடாது. ஏலக்காயைச் சல்லடையில் தரம் பிரிக்கும் இடத்தில் பிள்ளை நிற்கலாம். நின்று விகிதமும் விழுக்காடும் கற்கலாம். மூட்டைக் கணக்கை முடிப்பதற்காக அவன் பாடநூல் மூடப்படுமாயின், அங்கே கல்வி இல்லை. கூலியற்ற வேலையே உண்டு.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க அரசுகள் முயலவேண்டும் என அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு 1956-இல் வகுத்தது. எல்லைப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. ஆனால் மலையாளமோ ஆங்கிலமோ பயிற்றுமொழியாகக் கொண்ட பிள்ளைக்குத் தமிழைத் தரவேண்டிய இடம் வீடேயாகும். அதற்கு நாளில் ஒரு நாழிகை போதும். அந்நாழிகையில் கல்லா மூடியிருக்க வேண்டும். அன்றைய வரவு செலவைத் தமிழில் மகளும் எழுதட்டும், மகனும் எழுதட்டும். மூத்தவள் இளையவனுக்குக் கதை படித்துக் காட்டட்டும்.

கல்லா ஒருநாள் கைமாறலாம். கடை வேறு ஊருக்குப் பெயரலாம். திண்ணையில் பெற்ற எழுத்து உடன் வரும். ஆதலின், கடைக்காகப் பிள்ளையை வளர்ப்பதை விடுத்து, பிள்ளைக்காகக் கடையை நடத்துவோமாக!