‘நீ’ என்று அழைத்தவர்கள்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மதச் சண்டைகளை வாசிக்கும்போது எனக்குப் பாதியிலேயே சலிப்பு வந்துவிடும். ஞானஸ்நானம், திருவிருந்து, திரித்துவம் என்று அவர்கள் மோதிக்கொண்டதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கும் சத்தம்போல இருக்கும். ஆனால் குவேக்கர்கள் இழுத்துக்கொண்ட ஒரு வம்பு மட்டும் தமிழ் பேசுகிற யாருக்கும் உடனே புரியும். அவர்கள் எல்லாரையும் ‘நீ’ன்னு கூப்பிட்டார்கள்.

அன்றைய ஆங்கிலத்தில் ஒருமைக்குத் ‘தௌ’, பன்மைக்கு ‘யூ’. மரியாதைக்காக ஒரே ஆளை ‘யூ’ என்பதும் வழக்கம். நம்ம ‘நீ’, ‘நீங்க’ மாதிரிதான். 1603இல் ராஜதுரோக வழக்கில் நின்ற வால்டர் ராலேயை மட்டம் தட்ட, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே ‘தௌ’ போட்டுப் பேசினார்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நெசவாளியின் மகன். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி இருக்கிறது என்று 1650களில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நீதிபதிக்குள் இருப்பதும் கூலிக்காரனுக்குள் இருப்பதும் ஒரே ஒளி என்றால், ஒருவருக்குத் தொப்பியைக் கழற்றி ‘யூ’ என்பதும் இன்னொருவரைத் ‘தௌ’ என்பதும் எப்படிச் சரியாகும்? குவேக்கர்கள் யாருக்கும் தொப்பியைக் கழற்றவில்லை. எல்லாருக்கும் ‘தௌ’தான்.

எதிர்த்தவர்களில் தாமஸ் ஃபுல்லர் என்ற மதகுரு கெட்டிக்காரர். 1655இல் வந்த தன் திருச்சபை வரலாற்று நூலில் அவர் வைத்த வாதம் இது: ‘தௌ’ மேலிருந்து கீழே வந்தால் அதிகாரம், சமமானவர்களுக்குள் நெருக்கம், கீழிருந்து மேலே போனால், தெரியாமல் சொன்னது பட்டிக்காட்டுத்தனம், தெரிந்தே சொன்னது அவமதிப்பு. ‘நீ’யின் இலக்கணத்தை இதைவிடத் துல்லியமாகத் தமிழில்கூட யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

குவேக்கர்களின் பதில் 1660இல் ஓர் இலக்கணப் புத்தகமாக வந்தது. ஆசிரியர்களும் சமயவாதிகளும் ஒருமை, பன்மை கற்றுக்கொள்வதற்கான அரிச்சுவடி என்று பொருள்படும் தலைப்பு. ஃபாக்ஸோடு சேர்ந்து ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி இருவரும் உருவாக்கியது. லத்தீன், ஹீப்ரு, அரபு என்று 25க்கும் மேற்பட்ட மொழிகளைக் காட்டி, ஒருவரைப் பன்மையில் அழைப்பது போப்பிடமிருந்து தொடங்கிய கர்வம் என்று வாதிட்டார்கள். படித்தவர்களைப் பார்த்து, “உங்களுக்கு ஒருமை பன்மையே தெரியல” என்று சொன்ன குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லண்டன் கோபுரச் சிறையிலிருந்து வில்லியம் பென் எழுதி 1669இல் வெளியான நூலில் இன்னொரு வாதம் வருகிறது. ஜெபத்தில் கடவுளையே ‘தௌ’ என்கிறீர்கள்; கடவுளுக்குப் போதுமான சொல் உங்களுக்குப் போதாதா? நாமும் முருகனை ‘நீ’ என்றுதான் உருகுகிறோம். சங்கப் புலவர்கள் அரசனையே ‘நீ’ என்று பாடினார்கள். ஆனால் தலைமையாசிரியரிடம் சொல்லிப்பாருங்கள்!

இதற்கெல்லாம் அவர்கள் விலை கொடுத்தார்கள். தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் தொப்பியோடு அப்பா முன்னால் போய் நின்றதற்கு அடி வாங்கினார். அப்பாவிடமே ‘தௌ’ சொன்னபோது, இன்னொரு தடவை சொன்னால் பல்லைத் தட்டிடுவேன் என்று மிரட்டல். பிற்பாடு பார்வையிழந்த மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர் இந்த எல்வுட்தான். 1670இல் பென்னும் வில்லியம் மீடும் நீதிமன்றத்துக்கு வந்தபோது காவலர் தொப்பியைக் கழற்றியிருந்தார். திரும்பப் போட உத்தரவு வந்தது. போட்டதும், நீதிமன்றத்தில் தொப்பியோடு நிற்பதாகச் சொல்லி ஆளுக்கு 40 மார்க் அபராதம்! தடைசெய்யப்பட்ட கூட்டங்களுக்காகவும் சத்தியம் செய்ய மறுத்ததற்காகவும் சிறைக்குப் போன குவேக்கர்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரோடு திரும்பவில்லை.

கடைசியில் ஆங்கிலத்தில் ஜெயித்தது ‘யூ’. இன்று அமைச்சருக்கும் அதுதான், பூனைக்குட்டிக்கும் அதுதான். எல்லாரையும் கீழே இறக்கிச் சமமாக்கப் பார்த்தார்கள் குவேக்கர்கள். மொழி எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டது. அவர்களுடைய பழைய ஒருமையோ, பின்னாளில் அவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஓர் அடையாளமாகச் சுருங்கியது. வேறுபாட்டை ஒழிக்க எடுத்த சொல்லே வேறுபாட்டின் முத்திரையாகிப்போனது.

ஃபாக்ஸ் தோற்றார் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஃபுல்லர் சொன்ன அந்த மேல், கீழ் இன்னும் தமிழில் அப்படியே இருக்கிறது. வீடு பெருக்க வரும் ஐம்பது வயது அம்மாவை வீட்டுக்காரர் மகன் ‘நீ’ என்கிறான். அந்த அம்மா அவனை ‘தம்பி, நீங்க’ என்கிறார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படுவதில்லை.