கேளாமல் எடுத்த கருவிழிப்படலம்: அமெரிக்காவில் குடும்ப ஒப்புதலின் வரலாறு (1968–2006)

முன்னுரை

கருவிழிப்படலம், ஒருவர் இறந்த சில மணி நேரத்திற்குள் எடுக்கப்பட வேண்டிய திசுவாகும். அதே சில மணி நேரம் குடும்பத்தாருக்குத் துயரத்தின் முதற்பொழுது. இந்நெருக்கடியில், உறவினரைக் கேட்டறியும் கடமையை அமெரிக்கச் சட்டங்கள் எவ்வாறு தளர்த்தின, பின்னர் எவ்வாறு மீட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்புதலும் விலக்கும்

1968ஆம் ஆண்டின் உடற்கொடை மாதிரிச் சட்டம், இறந்தவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்காதவிடத்து, வாழ்க்கைத்துணை, வயதுவந்த மக்கள், பெற்றோர் என்னும் வரிசையில் ஒப்புதல் பெற வேண்டும் என வகுத்தது. எனினும், 1970களிலிருந்து பல மாநிலங்கள் பிணக்கூறாய்வுக்கு வரும் உடல்களுக்கு விலக்களித்தன. உறவினரின் எதிர்ப்பு அலுவலருக்குத் தெரியாதவரை, அவர்களைக் கேளாமலே கருவிழிப்படலத்தை எடுக்கலாம் என்பது அவ்விலக்கின் சாரம்.

ஜார்ஜியா மாநிலம் 1978இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. அதற்குமுன் அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 25 கருவிழி மாற்று அறுவைகளே நடைபெற்றன. 1984இலோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்வை பெற்றனர். குழந்தையை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், 1985இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இப்பயனை எடுத்துரைத்ததோடு, இறந்தவர் உடல்மீது அரசமைப்புவழி உரிமை இல்லை எனவும் கூறிச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

பதிவான மறுப்பு

1988இல் ஒஹையோவின் சின்சினாட்டியில், கணவரை இழந்த பெண்ணொருவர் கொடைக்கு மறுப்புத் தெரிவித்தார். மருத்துவமனை அதனைப் பதிவுசெய்தது. பிணக்கூறாய்வு அலுவலகம் அப்பதிவைப் பார்க்கவில்லை, படலங்கள் எடுக்கப்பட்டன. கூறாய்வு அறிக்கையின் வழியாகவே அவர் அதனை அறிந்தார். ‘தெரியாதவரை’ என்னும் சொல், அறிய முயலாமையையே அலுவலருக்கு உகந்த நடைமுறையாக்கியதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது. 1991இல் கூட்டாட்சியின் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கணவரின் உடல்மீது மனைவிக்கு அரசமைப்பின் காப்புக்குரிய உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. கலிபோர்னியப் பெற்றோர் வழக்கில் 2002இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றமும் இதையொத்த முடிவுக்கே வந்தது. 2006இல் திருத்தப்பட்ட மாதிரிச் சட்டம் இவ்விலக்கைக் கைவிட்டது.

முடிவுரை

விலக்கினால் பலர் பார்வை பெற்றனர் என்பது மறுக்கவியலாதது. ஆயின், கேளாதவிடத்தில் குடும்பத்தார் மறுக்கும் வாய்ப்பை மட்டுமன்றி, மனமுவந்து கொடுக்கும் வாய்ப்பையும் இழந்தனர். ஆதலின் ஒப்புதல் கோரலைக் கொடையின் தடையாகக் கருதாது, எடுத்தலைக் கொடையாக்கும் செயலாகக் கொள்வதே இவ்வரலாற்றின்வழிப் பெறப்படும் முடிபாகும்.