வெள்ளியின் மேகத்திரை

நாம் எந்த ஊரில் குடியிருப்பினும் விடியலில் காண்பது அதே வெள்ளிதான். ஆயின் அந்த ஒளி அதன் நிலத்திலிருந்து வருவதன்று. நிலம் முழுவதையும் மூடிய மேகங்களின்மேல் பட்டுத் திரும்பும் கதிரொளியே. எவ்வளவு பெரிய தொலைநோக்கியும் அத்திரையை ஊடுருவவில்லை. கீழே சதுப்புக் காடுகள் உண்டு, கடல் உண்டு என்று அறிஞர்களே ஊகித்த காலமும் இருந்தது.

ஒளி புகாத இடத்தில் நுண்ணலை புகும். 1978-ல் அமெரிக்காவின் பயனீர் வீனஸ் கலம் கிரகத்தைச் சுற்றத் தொடங்கி, மேடுபள்ளங்களை அளந்தது. 1983-ல் சோவியத் கலங்களான வெனேரா 15, 16 இரண்டும் வடபகுதியைப் படமெடுத்தன. இன்னும் நுட்பமாக அளக்க அமெரிக்கர் தீட்டிய திட்டமோ, செலவு மிகுதி என்று 1982-ல் கைவிடப்பட்டது. பிறகு சிக்கனமாக உருவானதே மகெல்லன். வாயேஜர் கலங்களுக்கெனச் செய்ததில் மிஞ்சிய 3.7 மீட்டர் ஏரியலே அதற்குக் கண்ணாயிற்று.

1990 ஆகஸ்டு 10-ல் அது வெள்ளியை அடைந்தது. 12.6 சென்டிமீட்டர் அலைகளைச் சாய்வாக அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தையும் அதன் அதிர்வெண் மாற்றத்தையும் கொண்டு ராடார் நிலத்தை வரைந்தது. இடையிடையே அலை அனுப்பாமல் சும்மா செவிமடுக்கவும் செய்தது. ஏறக்குறைய 460 டிகிரி வெப்பத்தில் காயும் அந்நிலம் தானே நுண்ணலை வீசுகிறதல்லவா! கலம் துருவங்களின் வழியே சுற்ற, கிரகம் 243 நாளில் ஒருமுறை அதன்கீழ் மெல்லச் சுழன்று, தன்னைச் சிறிது சிறிதாகக் காட்டிற்று. 1992-க்குள் நூற்றுக்கு 98 பங்கு நிலம் படமாயிற்று. அதில் 11 கிலோமீட்டர் உயர்ந்த மாக்ஸ்வெல் மலையும், அதன் அருகே பரந்த உயர்சமவெளியும் தெளிவுற்றன. அச்சமவெளிக்கு நம் லட்சுமியின் பெயர் முன்பே சூட்டப்பட்டிருந்தது. வெள்ளியின் இடங்களுக்குப் பெண்பெயர் இடுவதே மரபு. மாக்ஸ்வெல் ஒரு விலக்கு.

1994 அக்டோபரில் மகெல்லன் அக்கிரகத்தின் காற்று மண்டலத்துள் வீழ்ந்து மறைந்தது. அதன் பதிவுகள் மறையவில்லை. மாத் எரிமலை அருகே ஒரு வாய், 1991 பிப்ரவரிப் படத்தில் வட்டமாய் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர்ப் படத்தில் உருமாறி, ஏறக்குறைய இருமடங்காய் விரிந்திருந்தது. படங்கள் இரண்டும் வெவ்வேறு கோணத்தில் எடுத்தவை. எனவே, மாறியது நிலமா, பார்வையா என்ற ஐயம் எழுவது இயல்பே. ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்னும் இருவர் கணினியில் மாதிரிகள் அமைத்து ஒப்பிட்டு, மாறியது நிலமே என்று 2023-ல் எழுதினர். அந்த எரிமலைச் செய்தி முப்பத்திரண்டு ஆண்டுகள் பதிவுகளிலேயே கிடந்திருக்கிறது.