காவல் எழுத்தும் அதன் படியும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள செட்டிகுளம், ஏகாம்பரேசுவரர் கோயிலாலும் குன்றின்மேல் எழுந்தருளியுள்ள தண்டாயுதபாணியாலும் பெயர்பெற்ற ஊர். சின்ன வெங்காய வேளாண்மையாலும் அறியப்பட்ட ஊர். அறுவடையான வெங்காயத்தை விலை ஏறுமளவும் பட்டறையில் இட்டுக் காத்தல் இப்பகுதி உழவரின் வழக்கம். அப்பட்டறையினின்று ஓரிரவில் சில மூட்டைகள் களவுபோயின எனக் கொள்வோம். பொருள் இழந்தவர்க்கு அரசின்பால் கிடைப்பது யாது? இவ்வெளிய வினாவிற்கு வெவ்வேறு காலங்கள் வெவ்வேறு விடை தந்துள்ளன. அவ்விடைகளின் வழியே, காவல்துறை ஆவணங்களை மக்களுக்கு வெளிப்படுத்தும் பணி உருவான வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘பாடிகாவல்’ என்னும் சொல் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ஊர்க் காவலையும் அதன்பொருட்டு இறுக்கும் வரியையும் குறிக்கக் காண்கிறோம். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரை மீண்டும் தேர்தற்கு உரியரல்லர் என விலக்குகின்றன. இவற்றைக் கொண்டு தகவல் உரிமை பண்டே தமிழகத்தில் நிலவியது என்று கூறுவாரும் உளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று என்பது எம் கருத்து. கல்லில் வெட்டப்பட்டவை சபையின் முடிவுகளும் வரிகளும் கொடைகளுமே. களவு கொடுத்தவனின் முறையீடு கல்லேறியதில்லை. ஏறவேண்டிய தேவையும் அன்று இருந்ததில்லை.

தேவை இல்லாமைக்குக் காரணம் பிற்காலக் காவல் முறையால் விளங்கும். பாளையக்காரர் காலத்தில் (இவ்வட்டாரத்தில் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் குறிப்பிடத்தக்கவை) காவற்காரர் ஊராரிடம் காவற்கூலி பெற்றனர். களவுபோன பொருளை மீட்டுத் தருதல், இயலாவிடின் ஈடு கொடுத்தல் அவர்தம் கடமை. முறை தூய்மையானதன்று; காவற்காரரே களவுக்கு உடந்தையாதலும், ‘துப்புக்கூலி’ பெற்றுக்கொண்டு மாட்டை மீட்டுத் தருதலும் பலவிடத்தும் நிகழ்ந்தன. எனினும் பொருள் இழந்தவன் கேட்டது பொருளை, எழுத்தை அன்று.

1801ஆம் ஆண்டில் கருநாடகப் பகுதி கும்பினியார் ஆட்சிக்குட்பட்டது. 1816ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குவிதி காவற்பொறுப்பைக் கலெக்டரிடமும் ஊர்த் தலைவரிடமும் சேர்த்தது. வரி தண்டுவோரே குற்றவாளியையும் பிடிப்போராயினர். அதன் விளைவை 1855ஆம் ஆண்டில் எலியட், இசுடோன்ஃகவுசு, நார்ட்டன் ஆகியோர் அளித்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்திற்று. காவலரால் துன்புற்ற மக்களின் முறையீடுகள் அச்சேறிப் பொதுப் பார்வைக்கு வந்தமையால், காவல் ஆவண வெளிப்பாட்டின் முதற்படி இவ்வறிக்கையே எனலாம். இதனையடுத்து 1859ஆம் ஆண்டின் இருபத்து நான்காம் சட்டத்தால் சென்னை மாகாணக் காவற்படை அமைந்தது.

இங்கே நேர்ந்த மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. புதிய காவலர் ஈடு தரக் கடமைப்பட்டவரல்லர், எழுதக் கடமைப்பட்டவர். முறையீடு, நாட்குறிப்பு, சாட்சியின் வாக்குமூலம், இறுதி அறிக்கை என யாவும் எழுத்தாயின. பொருள் மீளாதவிடத்து உழவருக்கு எஞ்சுவது அவ்வெழுத்து ஒன்றே. அதன் படியைப் பெறும் உரிமையோ உடன் வரவில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பார்வையிடும் உரிமை உடையார்க்கே பொது ஆவணத்தின் சான்றிட்ட படி தரவேண்டும் என்றது; குற்றம்பற்றிய துப்பு எங்கிருந்து கிடைத்தது என்பதைக் காவலர் கூறக் கட்டாயமில்லை என்றும் விதித்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வழக்கு நாட்குறிப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டுப் பெறலாகாது என்றது. இத்தடை 2023ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கின்றது. 1955ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரே, விசாரணைக்கு முன் ஆவணப் படிகளைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இலவசமாக வழங்கல் காவலரின் கடமையாயிற்று. முறையிட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் படி இலவசமாகத் தரப்படவேண்டும் என்பது 1973ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பேறு.

வழக்கின் தரப்பினர் அல்லாதாரும் கேட்கலாம் என்னும் நிலை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் வந்தது. தமிழகம் 1997ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்று செய்திருந்தது. அதன் விலக்குகள் மிக நீண்டவை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுத் தகவல் அலுவலர் முப்பது நாளில் விடையிறுத்தல் வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது விடுதலை பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில்.

இவ்வலுவலரின் பணி வெறும் எழுத்தர் பணி எனக் கருதுவோர் அதனை அறியாதார். வெங்காயக் களவு பற்றிய ஒரு கட்டையே கொள்வோம். அதில் முறையிட்டவர் கூற்று இருக்கும். அண்டை வீட்டார் ஒருவர் தம் பெயர் வெளிவாராது என்ற நம்பிக்கையில் சொன்ன செய்தி இருக்கும். ஐயத்துக்குள்ளாகிப் பின் குற்றமற்றவர் எனக் கண்டு விடப்பட்டவரின் பெயர் இருக்கும். எட்டாம் பிரிவின் (1)(எ) என எண்ணப்படாது (1)(ஜி) என வழங்கும் உட்பிரிவு, உயிருக்கு ஊறு விளைப்பதையும், மறைவாகத் துப்புக் கொடுத்தாரைக் காட்டிக்கொடுப்பதையும் விலக்குகின்றது. (1)(எச்) உட்பிரிவு புலனாய்வுக்குத் தடையாவதை விலக்குகின்றது. ஆயினும் பத்தாம் பிரிவு, மறைக்கவேண்டிய வரிகளை நீக்கி எஞ்சியதைக் கொடுக்க வழிவகுக்கின்றது. ஆகவே அலுவலர் வரிவரியாகப் படித்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, ‘மேலைத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று கண்டேன்’ என்னும் வரியை விட்டுவிட்டால், சிற்றூரில் அவரை அறியாதார் யார்? கட்டு முழுவதையும் மறுத்துவிடின் உழவர் இழந்தது இருமடங்காகும்.

கட்டு முழுவதையும் மறுத்தல் எளிது; அதனாலேயே அது பெருவழக்காயிற்று. 2007ஆம் ஆண்டில் பகத்சிங் என்பார் தொடுத்த வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், புலனாய்வு நடைபெறுகின்றது என்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது, வெளிப்பாடு அதனை எவ்வாறு தடுக்கும் என்று காட்டல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அமெரிக்க நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் புலனாய்வுக் கோப்புகளுக்கு அளித்திருந்த விலக்கை 1974ஆம் ஆண்டுத் திருத்தம் குறிப்பிட்ட தீங்குகளுக்குச் சுருக்கியமை ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. கோப்பின் இனத்தை நோக்காது விளையும் தீங்கை நோக்குதல் இரண்டிற்கும் பொது.

2016ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை இருபத்துநான்கு மணி நேரத்துள் இணையத்தில் இடப் பணித்தது. பாலியற் குற்றம், பயங்கரவாதம் போன்றவை விலக்கு. இதற்கு மாறான போக்கும் உண்டு. 2008ஆம் ஆண்டில் தமிழக அரசு ஊழல் தடுப்புத் துறையையே சட்டத்தின் வரம்பினின்று விலக்கிற்று. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு இல்லை என்று சட்டமே கூறுவதால், அத்துறைக்கு அதனால் விளைந்த பயன் யாதென ஆராய்வோர் வியப்பர்.

ஆராய்ச்சியாளர் கருதத்தக்கது மற்றொன்று. எட்டாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுப்படி, இருபதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை பற்றிய செய்திகளுக்கு, நாட்டின் இறையாண்மை, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள் ஆகிய விலக்குகள் தவிரப் பிற விலக்குகள் பொருந்தா. பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்தது. அதன் முதற் பத்தாண்டு நிகழ்ச்சிகள் இன்று அவ்வெல்லையைக் கடந்துவிட்டன. அதற்கு முற்பட்டவற்றைத் தேடுவோர் திருச்சிராப்பள்ளிக்கும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்கும் செல்லவேண்டும். ஆனால் காவல் நிலையப் பதிவேடுகள் பல, வகைக்கேற்பக் குறித்த சில ஆண்டுகளே வைத்திருந்து அழிக்கப்படுவன. விலக்கு நீங்கும் நாள் வருமுன்னரே தாள் இல்லாது போகின்றது. செட்டிகுளத்துக் களவு பற்றிய கட்டு அழிந்தபின் பொதுத் தகவல் அலுவலர் தரக்கூடிய விடை, ‘ஆவணம் இல்லை’ என்பதே. அழித்தமைக்குரிய பதிவையேனும் விண்ணப்பத்தில் உடன் கேட்டல் நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க வழக்கமாகும்.