அத்தர்: சுன்னத்தும் சட்டமும், பூசிப் பார்த்த அனுபவமும்

ஜுமுஆ நாளில் குளித்து, வெள்ளுடை அணிந்து, அலமாரியில் இருக்கும் சிறிய அத்தர் புட்டியை எடுத்து மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்படுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். நம் பாட்டனார்கள் அத்தரில் தோய்த்த சிறு பஞ்சைக் காது மடலில் செருகிக் கொள்வார்கள். நிக்காஹ் சபையில் சந்தனமும் பன்னீரும் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன? எப்போது பூசுவது சுன்னத்? எப்போது பூசினால் குற்றம்? இவற்றை முறையாக அறிந்தவர்கள் நம்மில் குறைவு. பல ஆண்டுகளாக வெவ்வேறு அத்தர்களைப் பூசிப் பார்த்ததில் நாம் உணர்ந்தவற்றையும், மார்க்க நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

நபிவழியில் நறுமணம்

அரபியில் 'இத்ர்' என்றால் நறுமணம். அதுவே நம் நாவில் அத்தர் ஆனது. நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை மிகவும் விரும்பினார்கள். உலகப் பொருட்களில் பெண்களும் நறுமணமும் தமக்கு விருப்பமாக்கப்பட்டதாகவும், தம் கண்குளிர்ச்சி தொழுகையில் வைக்கப்பட்டதாகவும் அவர்கள் கூறியதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இது நஸாயீயில் இடம்பெற்றுள்ளது. மேடைகளில் இதை "மூன்று விஷயங்கள்" என்று தொடங்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஹதீஸின் மூல வாசகத்தில் 'மூன்று' என்ற சொல் இல்லை என்பதை ஹதீஸ் கலை அறிஞர்கள் சுட்டிக்காட்டியுள்ளார்கள். தொழுகை உலகப் பொருள் அல்ல என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

நறுமணம் கொடுக்கப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று அனஸ் (ரலி) கூறியது புகாரியில் உள்ளது. சுமப்பதற்கு எளிது, மணமோ நல்லது, எனவே மறுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் காரணமும் சொல்லியிருப்பது முஸ்லிமில் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் புகையிடும்போது கலப்பில்லாத அகில் கட்டையை இடுவார்கள், சில நேரம் அதனுடன் கற்பூரத்தைச் சேர்ப்பார்கள், நபி (ஸல்) அவர்களும் இப்படியே செய்ததாகக் கூறுவார்கள் என்பதும் முஸ்லிமில் வந்துள்ளது. அரபியில் 'ஊத்' என்று அழைக்கப்படுவது நம் பழந்தமிழ் இலக்கியங்கள் பாடும் அதே அகில்தான்.

நறுமணத்தை முஸ்லிம்கள் ஒரு கலையாகவும் வளர்த்தார்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தீ, வாசனைப் பொருட்களின் வேதியியல் பற்றித் தனி நூலே எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன.

அத்தர் எப்படி உருவாகிறது?

இந்தியாவில் அத்தருக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். அவ்வூர் அத்தர் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. 'தேக்' எனப்படும் பெரிய செம்புப் பாத்திரத்தில் பூக்களையும் தண்ணீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணும் பஞ்சும் வைத்து அடைப்பார்கள். அடியில் விறகோ வறட்டியோ எரியும். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமர்த்தப்பட்ட 'பப்கா' என்ற செம்புக் குடத்துக்குள் சேரும். அந்தக் குடத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் அடியில் தங்கிய தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அதே எண்ணெயில் மீண்டும் புதுப் பூவின் மணத்தை ஏற்றுவார்கள். இப்படிப் பல நாட்கள் தொடரும். தீ அளவு மீறாமல் காப்பது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் வித்தை.

சந்தன எண்ணெய் சேர்க்காமல் பூவின் எண்ணெயை மட்டும் எடுத்தால் அதன் பெயர் 'ரூஹ்'. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 3 முதல் 5 டன் வரை பூவிதழ்கள் தேவைப்படும். அதன் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது இதிலிருந்தே புரியும். சந்தன எண்ணெய் விலை ஏறிய பிறகு, பல இடங்களில் அதற்குப் பதிலாக மணமற்ற திரவ பாரஃபின் போன்றவை அடிப்படையாகிவிட்டன. கடையில் 'அத்தர்' என்று நாம் வாங்கும் பலவும் செயற்கை மணத்தை இத்தகைய எண்ணெயில் கலந்தவையே.

பூசிப் பார்த்ததில் நாம் உணர்ந்தவை

அத்தரைப் புட்டியில் முகர்ந்து முடிவு செய்வது, முகவுரையை மட்டும் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவது போன்றது. தோலில் பட்டு, உடல் சூட்டில் விரிந்து, சில மணி நேரம் கடந்த பிறகே அதன் உண்மை முகம் தெரியும்.

*ரோஜா (குலாப்):* சந்தனத்தில் இறங்கிய ரோஜா, முதலில் தேன் கலந்தது போல இனிக்கும். பிறகு சற்றுக் காரம் காட்டும். லுஹருக்குப் பூசினால் மஃரிபுக்குள் ரோஜா மறைந்து சந்தனம் மட்டும் மணிக்கட்டில் தங்கியிருக்கும். செயற்கை ரோஜாவோ காலையில் எப்படி இருந்ததோ மாலையிலும் அப்படியே, ஒரே சுருதியில் நிற்கும்.

*வெட்டிவேர் (கஸ்):* நம் கோடைக்கு இதைவிட ஏற்றது எதுவும் இல்லை. மண்பானையில் வெட்டிவேர் போட்டுக் குடித்து வளர்ந்த நமக்கு இந்த மணம் அந்நியமானதல்ல. செம்புப் பாத்திரத்தில் வடிக்கப்பட்ட ரூஹ் கஸ் பச்சை நிறத்தில் இருக்கும். வெள்ளை ஜிப்பாவில் பட்டால் கறை நிச்சயம்.

*மிட்டி:* சுட்ட மண்ணை நீரிலிட்டு வடிக்கும் அத்தர் இது. முதல் மழை விழுந்த முற்றத்தின் மணம். முதன்முறை பூசியபோது நாம் எதுவும் பேசாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். மண்ணிலிருந்து படைக்கப்பட்டோம், அதற்கே திரும்புவோம் என்ற நினைவு வந்தது. ஆனால் மணம் மென்மையானது. அருகில் இருப்பவருக்கே எட்டாது. நமக்காக மட்டும் பூசிக்கொள்வது.

*ஷமாமா:* வேர்கள், பட்டைகள், மசாலாக்கள் எனப் பலவற்றைச் சேர்த்து வடிப்பது. நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். குளிர்காலத்துக்கு இதம். வெயிலில் பூசினால் தலைவலிதான்.

*அகில் (ஊத்):* அகில் மரத்தில் காயம்பட்டுப் பூஞ்சை தொற்றும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே இந்த மணத்துக்குக் காரணம். நோயுறாத மரத்தில் மணம் இல்லை. சோதனையில் பொறுமை கொண்டவருக்குக் கிடைக்கும் சிறப்பைப் பிள்ளைகளுக்கு விளக்க, மதரஸாவில் இந்த உதாரணத்தையே நாம் சொல்வதுண்டு. இந்தியாவில் அஸ்ஸாம் இதற்குப் பெயர்பெற்றது. தூய ஊத் முதலில் மாட்டுக் கொட்டிலை நினைவுபடுத்தும். பலர் முகம் சுளிப்பார்கள். அரை மணி நேரம் பொறுத்தால் புகையும் இனிப்பும் கலந்து மேலெழும். மறுநாள் உளூச் செய்யும்போதும் சிலநேரம் மணக்கும்.

கஸ்தூரி, அம்பர்: பெயரும் பொருளும்

நறுமணங்களில் மிகச் சிறந்தது கஸ்தூரி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் உள்ளது. நல்ல நண்பனைக் கஸ்தூரி வைத்திருப்பவருக்கும், தீய நண்பனைக் கொல்லனின் துருத்தி ஊதுபவனுக்கும் ஒப்பிட்ட ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்ததே. கஸ்தூரி ஒரு விலங்கிலிருந்து கிடைத்தாலும் தூய்மையானது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

ஆனால் இன்று நம் கையில் இருக்கும் 'மஸ்க்' அது அல்ல. கஸ்தூரி மான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் உயிரினம். 'ஒயிட் மஸ்க்' என்று விற்கப்படுபவை ஆய்வுக்கூடத்தில் தயாராகும் செயற்கை மணங்கள். அவற்றைப் பூசுவதில் தவறில்லை. அசல் கஸ்தூரி என்று சொல்லி விற்பதுதான் தவறு. அம்பரும் இப்படியே. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள். நம் நாட்டில் அதை விற்பது சட்டப்படி குற்றம். நம் கடற்கரை ஊர்களில் இதற்காக இளைஞர்கள் கைதாகும் செய்திகளை அவ்வப்போது பார்க்கிறோம். மார்க்கத்தில் பொருள் ஹலால் என்பதால் நாட்டுச் சட்டத்தை மீறலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கவனிக்க வேண்டிய சட்டங்கள்

*இஹ்ராம்:* இஹ்ராமுக்கு நிய்யத் செய்வதற்கு முன் உடலில் நறுமணம் பூசுவது பெரும்பாலான அறிஞர்களிடம் சுன்னத். நபி (ஸல்) அவர்களுக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் அவ்வாறு பூசிவிட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. மாலிக் மத்ஹபில் இது விரும்பத்தகாதது. நிய்யத்துக்குப் பிறகு பூசுவது அனைவரிடமும் தடை. கஅபாவின் கிஸ்வாவிலும் ஹஜருல் அஸ்வதிலும் ஊத் பூசப்படுவதால், இஹ்ராமில் இருப்பவர் தொட்டால் கையில் ஒட்டக்கூடும். உம்ரா செல்வோர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

*நோன்பு:* ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பின் பகல் நேரத்தில் நறுமணத்தை நுகராமல் தவிர்ப்பது சிறந்தது. ஹனஃபி மத்ஹபில் அத்தர் பூசுவதால் குறையில்லை. ஆனால் சாம்பிராணிப் புகையை வேண்டுமென்றே உள்ளிழுத்தால் நோன்பு முறியும்.

*பெண்கள்:* வீட்டில் கணவருக்காக நறுமணம் பூசுவது நன்மைக்குரியது. அந்நிய ஆண்கள் நுகரும்படி பூசிக்கொண்டு வெளியே செல்வதை ஹதீஸ்கள் கண்டிக்கின்றன. கணவர் இறந்த இத்தாவில் நறுமணம் தடை.

*ஆல்கஹால்:* ஸ்பிரேக்களில் உள்ள ஆல்கஹால் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அத்தரில் பொதுவாக அது சேர்க்கப்படுவதில்லை என்பதால் பேணுதலுக்கு ஏற்றது.

ஒரு ஜுமுஆ தந்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சகோதரர் நமக்கு ஊத் என்று ஒரு புட்டியைத் தந்தார். மணம் மிகக் கடுமை. அன்பளிப்பாயிற்றே, நறுமணத்தை மறுப்பது சுன்னத்துக்கு மாற்றமாயிற்றே என்று ஒவ்வொரு ஜுமுஆவுக்கும் தாராளமாகப் பூசி வந்தோம். முதல் ஸஃப்பில் எப்போதும் நமக்கு நேர்பின்னே நிற்கும் பெரியவர் ஒருவரை அதன்பின் அங்கே காணவில்லை. உடல்நலம் சரியில்லை போலும் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் அவருடைய மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், அத்தா வெளித் திண்ணையில்தான் தொழுறாங்க. உங்க அத்தர் வாடைக்கு மூச்சு முட்டுது. உங்ககிட்ட சொல்றதுக்குச் சங்கடப்படுறாங்க."

நாம் வெட்கிப் போனோம். பல ஆண்டுகள் அவர் பேணி வந்த முதல் ஸஃப்பை, ஒரு சுன்னத்தின் பெயரால் நாம் அவரிடமிருந்து பறித்திருந்தோம்.

ஜுமுஆவில் குளிப்பும் நறுமணமும் ஏன் வலியுறுத்தப்பட்டன என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியது அபூதாவூதில் உள்ளது. அன்று மக்கள் கம்பளி உடுத்து, முதுகில் சுமந்து உழைப்பவர்களாக இருந்தார்கள். பள்ளி நெருக்கமானது, கூரை தாழ்ந்தது. வெயில் நாளில் வியர்வை வாடையால் ஒருவருக்கொருவர் துன்பம் ஏற்பட்டது. அதைக் கண்டே நபி (ஸல்) அவர்கள் குளிக்கவும், இருப்பதில் சிறந்த நறுமணத்தைப் பூசவும் சொன்னார்கள். பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டுப் பள்ளிக்கு வருவதைத் தடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அருகில் நிற்பவருக்குத் துன்பம் நீங்க வேண்டும் என்பதற்காக வந்த சுன்னத், அருகில் நிற்பவரையே விரட்டினால் அதன் நோக்கம் எங்கே போனது?

அந்தப் பெரியவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஜுமுஆவுக்கு ஒரு துளிச் சந்தனம் மட்டும். அவர் தம் பழைய இடத்தில் நின்றார். அன்பளிப்பை மறுக்காமல் பெற்றுக்கொள்வது சுன்னத். அதைப் பூசிக்கொண்டு எங்கே செல்கிறோம் என்று யோசிப்பது நம் பொறுப்பு.

வாங்கும்போதும் பூசும்போதும்

• முதலில் சிறிய 3 மி.லி. புட்டி வாங்குங்கள். பிடித்த பிறகு தோலாக் கணக்கில் வாங்கலாம். ஒரு தோலா சுமார் 11.66 கிராம்.

• முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். குழந்தைகளின் தோலில் பூச வேண்டாம்.

• மணிக்கட்டு, காதின் பின்புறம் ஆகியவற்றில் ஒரு துளி போதும். பூசிய மணம் சற்று நேரத்தில் நம் மூக்குக்குப் பழகிவிடும். மணம் போய்விட்டதென்று மீண்டும் மீண்டும் பூசாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு அது போயிருக்காது.

• மருத்துவமனை, நோயாளி வீடு, நெரிசலான பேருந்து ஆகிய இடங்களுக்குச் செல்லும்போது தவிர்ப்பதே நல்லது.

• வெயில் படாத இடத்தில் கண்ணாடிப் புட்டியில் வைத்திருங்கள்.

• நூறு ரூபாய்க்கு அசல் ஊத் கிடைக்காது. வியாபாரிகளே, செயற்கை என்றால் செயற்கை என்று சொல்லி விற்றுவிடுங்கள். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்தவரை நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். மறைத்து விற்பதில் பரக்கத் இல்லை.

நாம் அருகில் வந்து நின்றால் பக்கத்தில் இருப்பவரின் மனம் மகிழ வேண்டும். நம் அத்தரும் அப்படி, நம் குணமும் அப்படி. அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்தப் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன்.